கண்ணாடியைத் துடைத்தவள்

சமீருல்லாவை விருந்துக்குக் கூப்பிட அவருடைய மாமியார் வீட்டில் எப்போதும் கொஞ்சம் யோசிப்பார்கள். ஆள் நல்லவர்தான். குடி கிடையாது, சண்டை கிடையாது. ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் பிரியாணியை விரலால் ஒதுக்கிப் பார்த்து, “தம் கொஞ்சம் முன்னாடியே ஒடச்சிட்டாங்க” என்பார். கல்யாண மேடையில் மாப்பிள்ளையைக் கட்டித் தழுவும்போதே ஷெர்வானியின் தோளைத் தடவிவிட்டு, “உள்துணிய இழுத்துத் தச்சிருக்கான்” என்பார். யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

தொழில் அப்படி. ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் அவர் செலக்டர். பதனிட்டு, சாயம் ஏற்றி, பளபளவென்று மேசைக்கு வரும் தோலை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, இது முதல் ரகம், இது இரண்டாவது, இது ஆகாது என்று பிரித்துப் போட வேண்டும். குறையைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. அது யாரால் வந்தது என்றும் சொல்ல வேண்டும். பொடிப்பொடியாகக் குழி இருந்தால் உண்ணி கடித்தது, மாட்டுக்காரன் பொறுப்பு. நீளமாகக் கீறல் இருந்தால் உரித்தவனுடைய கத்தி. சாயம் திட்டுத்திட்டாக இருந்தால் சாய டிரம்மை ஓட்டியவன். இத்தனை வருஷத்தில் யாரையாவது கைகாட்டாமல் அவர் ஒரு தோலைக்கூட ஒதுக்கியதில்லை. அந்தக் கைகாட்டலில் அவர் பெயர் மட்டும் வராது. வரவும் வழியில்லை. அவர் எதையும் செய்கிறவர் இல்லை, பார்க்கிறவர். இப்படி ஒரு சௌகரியத்தில் வருஷக்கணக்காக இருந்தால் எந்த மனிதனும் கெட்டுப்போவான். சமீருல்லாவும் கெட்டுப்போனார், அவருக்கே தெரியாமல்.

டெலஸ்கோப் ஆசை மகள் உமைமாவால் வந்தது. அவள் கல்லூரியில் இயற்பியல் படிக்கிறாள். ஒருநாள் யாரோ வெளியூர்க்காரர்கள் கல்லூரிக்கு ஒரு டெலஸ்கோப்பைக் கொண்டுவந்து வைத்தார்கள். வரிசையில் நின்று இவள் முறை வந்தபோது மேகம் மூடிவிட்டது. வீட்டுக்கு வந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். சமீருல்லா அவளுடைய போனை வாங்கி, டெலஸ்கோப்பை வீட்டிலேயே செய்கிற வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தார். பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. வட்டமான தடித்த கண்ணாடித் துண்டு இரண்டு. நடுவில் கரகரப்பான பொடியும் தண்ணீரும். ஒன்றின் மேல் ஒன்றை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தால் கீழே இருப்பது மேடாகும், மேலே இருப்பது குழியும். பொடியை மாற்றி மாற்றி நைசாக்கி, கடைசியில் மெருகேற்றி, வெள்ளிபோல் பூச்சுக் கொடுத்தால் அந்தக் குழிந்த கண்ணாடிதான் டெலஸ்கோப்பின் உயிர். மற்றதெல்லாம் ஒரு பிவிசி பைப்பும் ஒரு மரப்பெட்டியும்.

“தேய்க்கறதுதான? நாம பாக்காத தேய்ப்பா?” என்றார் சமீருல்லா.

செலக்டர் ஆவதற்கு முன்னால் இளவயதில் அவர் பேடிங் பிரிவில் இருந்தவர். பஞ்சு வைத்த பேடைச் சாயத்தில் தொட்டு, விரித்த தோலின் மேல் கையால் இழுக்கிற வேலை அது. அந்தக் கைப்பழக்கத்தின் மேல் அவருக்கு அபார நம்பிக்கை.

கோடை முழுக்க வீட்டு முன்னறையில் தேய்ப்பு நடந்தது. ஒரு பழைய கெமிக்கல் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் கண்ணாடியைப் பொருத்தி, அதைச் சுற்றிச் சுற்றி வந்து தேய்ப்பார். பக்கத்தில் அவர் மனைவி ஹுமேரா உட்கார்ந்து ஷூ தைத்துக்கொண்டிருப்பாள். கம்பெனியிலிருந்து ஷூவின் மேல்பாகங்கள் மூட்டையாக வரும். அதைக் கையால் தைத்துக் கொடுப்பது அவளுடைய வேலை. மெருகேற்றுவதற்குத் தார் மாதிரி கறுத்த ஒரு பிசினைக் காய்ச்ச வேண்டியிருந்தது. அதற்குத் தன்னுடைய நல்ல பால் பாத்திரத்தையே கொடுத்தாள். அது பிறகு எதற்கும் உதவவில்லை. அதற்காக அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தக் கோடையில் அவர்கள் இருவரும், கல்யாணமான புதிதில்கூடப் பேசாத அளவுக்குப் பேசினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒருநாள் அவள் ஊசியை வைத்துவிட்டு, “நான் கொஞ்சம் தேய்க்கட்டுங்களா?” என்று கேட்டாள்.

“வேணாம். கை மாறினா கெட்டுடும்” என்றார்.

அவள் மறுபடி ஊசியை எடுத்துக்கொண்டாள்.

மெருகு முடிந்ததும் ஒரு சோதனை செய்ய வேண்டும் என்று எல்லா வீடியோவிலும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இருட்டறையில் சின்ன விளக்கையும் ஒரு பிளேடையும் வைத்து, கண்ணாடியிலிருந்து திரும்பி வரும் ஒளியைப் பிளேடால் வெட்டிப் பார்க்க வேண்டும். கண்ணாடியில் எங்கே மேடு, எங்கே சரிவு என்பது நிழலில் தெரிந்துவிடும். சமீருல்லா அதைச் செய்யவில்லை. கண்ணாடியை ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தார், தோலைப் பார்க்கிற மாதிரி. ஒரு கீறல் இல்லை, ஒரு மங்கல் இல்லை. முதல் ரகம் என்று அவரே சொல்லிக்கொண்டார். ஊரில் எல்லார் வேலையையும் சோதிக்கிறவருக்கு, தன் வேலையைச் சோதிக்க ஒரு பிளேடு வேண்டும் என்பது கௌரவக் குறைச்சலாகப் பட்டது.

சென்னைக்கு அனுப்பிப் பூச்சுப் போட்டு வந்த கண்ணாடியைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவி அவருடைய வண்டிச் சாவிக்கொத்தில். டெலஸ்கோப்பைப் பொருத்தி முடித்த அன்று சாயங்காலம் மொட்டைமாடியில் நிலாவைப் பார்த்தார்கள். சின்ன உருப்பெருக்கம்தான். பள்ளங்களும் மலைகளும் தெரிந்தன. உமைமா துள்ளினாள். ஹுமேரா முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள். சமீருல்லாவுக்கு அது போதவில்லை. உடனே மாமியார் வீட்டுக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வாருங்கள், சனிக்கிரகத்தையும் அதைச் சுற்றியிருக்கிற வளையத்தையும் காட்டுகிறேன் என்று அழைத்தார்.

அவர்களும் வந்தார்கள். மாமியார் அக்தரி பேகம், ஹுமேராவின் அண்ணன் தவ்ஃபீக், அவருடைய மனைவி மக்கள், ஒன்றுவிட்ட சொந்தங்கள். தவ்ஃபீக் ஒரு ஷூ கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜர். ஒருகாலத்தில் அவருடைய கம்பெனிக்குப் போக இருந்த தோலைச் சமீருல்லா ஒதுக்கிவிட்டார் என்று ஒரு சின்ன வருத்தம் அவருக்கு உண்டு. மஃரிப் தொழுகை முடிந்து எல்லாரும் மாடியேறினார்கள். சமீருல்லா பெரிய உருப்பெருக்கத்துக்கான கண்வில்லையைப் போட்டு, சனிக்கிரகத்தைப் பிடித்து, முதல் மரியாதையாகத் தவ்ஃபீக்கை அழைத்தார்.

தவ்ஃபீக் கண்ணை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

“மச்சான், இன்னா இது, சேமியா கொழஞ்ச மாதிரி இருக்குது? வளையம் எங்க?”

சமீருல்லா சிரித்துக்கொண்டே குனிந்து பார்த்தார். குமிழைத் திருகினார். இந்தப் பக்கம் திருப்பினால் ஒரு மாதிரி கலங்கியது, அந்தப் பக்கம் திருப்பினால் வேறு மாதிரி கலங்கியது. பந்து தனியாக, வளையம் தனியாகப் பிரியவே இல்லை. ஐப்பசி மாதக் குளிர்க்காற்றிலும் அவருக்கு முதுகு நனைந்தது. பின்னால் குழந்தைகள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

“கடையிலயே ஒண்ணு வாங்கியிருக்கலாம்” என்றார் அக்தரி பேகம், இரக்கத்தோடுதான்.

“அம்மி, அவரு கையால செஞ்சது. கொற சொல்லக்கூடாது” என்று அம்மாவை அடக்கிய தவ்ஃபீக், சமீருல்லாவின் பக்கம் திரும்பி, “நீங்களே சொல்லுங்க மச்சான், உங்க செலக்‌ஷன்ல இது எந்த ரகம்?” என்றார்.

மாடியே சிரித்தது. சமீருல்லாவுக்கு அந்தச் சிரிப்பு தாங்கவில்லை. குறை என்று ஒன்று இருந்தால் அதைச் செய்த கை என்று ஒன்று இருக்க வேண்டும். அவருடைய நாக்கு பழகிய தடத்தில் தானாகவே போயிற்று.

“கண்ணாடிய யாரோ தொடச்சிருக்காங்க. துணி பட்டா பூச்சு போய்டும். அன்னிக்கி நிலா நல்லா தெரிஞ்சுதே, கேட்டுப் பாருங்க. இடையில யாரோ கைய வச்சிருக்காங்க.” சொல்லிவிட்டு அவர் ஹுமேராவைப் பார்த்தார். “இந்த வீட்ல சும்மா இருக்கற பொருளத் தொடைக்கறது யாரு?”

எல்லாரும் ஹுமேராவைப் பார்த்தார்கள். அவள் டீத் தம்ளர்கள் வைத்த தட்டோடு படியருகே நின்றிருந்தாள். புருஷனுடைய முகத்தை ஒரு கணம் பார்த்தாள்.

“ஆமா. தூசியா இருந்துச்சு. நான்தான் தொடச்சிட்டேன்” என்றாள்.

“அட அறிவு கெட்டவளே, இத்தன மாசத்து உழைப்பு” என்று அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். தவ்ஃபீக் அத்தனை பேர் முன்னாலும் தங்கையைத் திட்டினார். உமைமாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. “ஏம்மி இப்டி பண்ணீங்க? அப்பா எவ்ளோ தேய்ச்சாரு” என்றாள். சமீருல்லாவின் தோளில் ஆளாளுக்குக் கைவைத்து ஆறுதல் சொன்னார்கள். அவரும் பெருந்தன்மையாக, போகட்டும் விடுங்கள் என்றார்.

எல்லாரும் போன பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கொண்டுவந்து பீரோ முன்னால் நின்று, பாக்கெட்டில் கைவிட்டுச் சாவிக்கொத்தை எடுத்தார். அப்போதுதான் உறைத்தது. பூச்சு போட்டு வந்த நாளிலிருந்து அந்தச் சாவி அவரை விட்டுப் பிரியவில்லை. பீரோவில் இல்லாத நேரம் கண்ணாடி பைப்புக்குள் இருந்தது, அவர் கண்ணெதிரில். ஹுமேரா அதைத் துடைத்திருக்க வழியே இல்லை. அடுப்படியில் அவள் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. அவருக்கு உடம்பு கூசியது. உடனே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேறு ஏதாவது காரணம் இருக்கும், அதைக் கண்டுபிடித்துவிட்டுச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டார்.

காரணம் கண்டுபிடிக்க அடுத்த லீவு நாள் ஆயிற்று. ஜன்னலையெல்லாம் போர்வையால் மூடி, விளக்கையும் பிளேடையும் வைத்து, முன்பு செய்ய மறுத்த சோதனையைச் செய்தார். நடுப்பகுதி அழகாக இருந்தது. ஆனால் ஓரம் சுற்றிலும் தொய்ந்து கீழே வழிந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத தொய்வு, பிளேடுக்குத் தெரிந்தது. அது எப்படி வந்தது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பேடிங்கில் முதல்நாள் சொல்லிக்கொடுப்பதே அதுதான். ஓரத்தில் கோடு விழக்கூடாது, அதனால் பேடை அழுத்தி ஓரம் தாண்டி வெளியே இழுத்து விடு. தோலுக்கு அது சரி. கண்ணாடியையும் கோடை முழுக்க அப்படியே இழுத்திருக்கிறார். ஆம்பூர் வெயிலில் பிசின் வேறு இளகிக் கிடந்தது. அழுத்த அழுத்த ஓரம் கரைந்து போயிருக்கிறது. குறையும் அவருடையது, கையும் அவருடையது.

இதற்குள் அந்தப் பேச்சு சொந்தத்துக்குள் ஊர்வலம் போய்விட்டது. பேரணாம்பட்டில் ஒரு நிக்காஹ். ஹுமேரா பந்தலுக்குள் நுழைந்ததும் ஒரு சித்தி, “ஹுமேரா வர்றா, கண்ணாடி போட்டவங்கல்லாம் கழட்டி உள்ள வச்சிக்கங்க” என்றாள். இரண்டு கிழவர்கள் நிஜமாகவே கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்கள். பந்தல் சிரித்தது. ஹுமேராவும் சிரித்தாள். ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த சமீருல்லா தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். வீட்டில் உமைமாவும் சேர்ந்துகொண்டாள். அம்மா அவளுடைய மேசையை ஒழுங்குபடுத்தப் போனால், “நீங்க எதையும் தொடாதீங்கம்மி, நானே பாத்துக்கறேன்” என்பாள். கேலிக்குத்தான் சொன்னாள். ஆனால் ஹுமேரா அந்த மேசைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டாள்.

ஒரு மத்தியானம் அவள் தைத்துக்கொண்டிருந்தபோது எதிரில் போய் உட்கார்ந்தார்.

“பீரோ சாவி எங்கிட்டதான இருந்துச்சு” என்றார்.

“தெரியும்.”

“அப்பறம் ஏன் அப்டி சொன்ன?”

நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்துவிட்டு அவள் சொன்னாள். “அத்தினி பேர் முன்னாடி உங்க மூஞ்சி செத்துப்போச்சு. என்னால பாக்க முடியல. எம்மேல போட்டுக்கிட்டா ரெண்டு நாள் பேசுவாங்க, விட்டுடுவாங்கன்னு நெனச்சேன்.”

“நான் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன் ஹுமேரா.”

“இப்ப இன்னாத்துக்கு? விடுங்க.”

அவள் குரலில் இருந்தது அலுப்பு. சமீருல்லா அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டார். அப்படி எடுத்துக்கொள்வது அவருக்கு வசதியாக இருந்தது. அந்த வசதியை நினைத்து ராத்திரிகளில் தன் மேலேயே அவருக்கு அருவருப்பு வந்தது. விடிந்ததும் வேலைக்குப் போய் யார் யாரையோ கைகாட்டிவிட்டு வருவார்.

கண்ணாடிக்கு வைத்தியம் சுலபமாக இருந்தது. தொய்ந்த ஓரத்தை மறைத்துவிட்டால் போதும், மிச்சமுள்ள நல்ல பகுதி வேலை செய்யும். கறுப்புத் தோலில் ஒரு வளையம் வெட்டிக் கண்ணாடியின் முன்னால் ஓரத்தை மூடிப் பொருத்தினார். மழைக்காலம் முடிந்து வானம் வெளுத்த ஒரு சாயங்காலம், சனிக்கிரகம் தெரிந்தது. சின்னதாக, துல்லியமாக, வளையத்தோடு. உமைமா கத்தியதில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. சமீருல்லா படியில் இறங்கி ஓடி ஹுமேராவைக் கூப்பிட்டார்.

“நாளைக்கி மூட்டைய எடுக்க வருவாங்க. தையல் இருக்குது” என்றாள். தலை நிமிரவில்லை.

அப்போது முடிவு செய்தார். அதே ஆட்களை, அதே மாடிக்குக் கூப்பிட வேண்டும். சனிக்கிரகத்தைக் காட்ட வேண்டும். அங்கேயே வைத்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும். என்ன சொல்வது என்று வண்டியில் போகும்போதும் வரும்போதும் மனப்பாடம் செய்தார்.

வந்தவர்கள் இந்தத் தடவை வாயடைத்துப் போனார்கள். தவ்ஃபீக் கண்ணை எடுக்கவே இல்லை. “மச்சான், போட்டோவ ஒட்டி வச்சிருக்கீங்களா?” என்று பைப்பின் வாயில் எட்டிப் பார்த்தார். அக்தரி பேகம் முழங்கால் வலியோடு குனிந்து பார்த்து, “சுப்ஹானல்லா” என்று சொல்லி மருமகனுடைய கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். குழந்தைகள் திரும்பத் திரும்ப வரிசைக்கு வந்தார்கள். சமீருல்லாவுக்கு அந்தப் பாராட்டு இனித்தது. மனப்பாடம் செய்ததெல்லாம் நாக்கின் நுனியில்தான் இருந்தது. டீ குடித்து முடியட்டும், அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தார். இப்படித்தான் ஒவ்வொரு தடவையும் அவருக்கு ஒரு அப்புறம் கிடைத்துவிடுகிறது.

ஹுமேரா தட்டோடு மேலே வந்தாள்.

“ஏய், தட்ட வச்சிட்டுத் தள்ளி நில்லு. மறுபடியும் தொடச்சித் தொலைக்கப் போற” என்றார் தவ்ஃபீக்.

“அவளும் பாக்கட்டும்டா. பாரும்மா, ஆனா தொடாம பாரு” என்றார் அம்மா.

ஹுமேரா தட்டைக் கைப்பிடிச் சுவரில் வைத்தாள். டெலஸ்கோப் அருகே வந்தாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒரு கையால் இன்னொரு கையின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்படியே குனிந்து கண்ணை வைத்தாள். குனிந்ததில் முக்காடு நழுவி நெற்றியைத் தாண்டி, கழுத்துக்கு வந்துவிட்டது. இத்தனை ஆண்கள் நிற்கிற இடத்தில் அவள் ஒருநாளும் அப்படி இருந்ததில்லை. அதைச் சரிசெய்யக்கூட அவள் கையை முன்னால் கொண்டுவரவில்லை.

அவளுடைய அந்தக் கைகளைச் சமீருல்லாவால் பார்க்க முடியவில்லை. தன்னைப் பார்க்க அதைவிட முடியவில்லை.

“அவ தொடைக்கல” என்றார். “அன்னிக்கி அவ கண்ணாடியத் தொடவே இல்ல. சாவி எங்கிட்ட இருந்துச்சு. நான்தான் தேய்ச்சித் தேய்ச்சி ஓரத்தக் கெடுத்துட்டேன். எங்கைல வந்த கொற. உங்க முன்னாடி அவமானமாப் போச்சுன்னு அவ மேல பழியப் போட்டேன்.”

தவ்ஃபீக் அருகே வந்து அவர் தோளில் கைவைத்தார்.

“புரியுது மச்சான். விடுங்க. பழைய கதை.”

“இல்ல பாய், நெஜமாத்தான் சொல்றேன். கண்ணாடில ஓரம் தொய்ஞ்சிருக்குது. பிளேடு வச்சிப் பாத்தேன்.”

“ஓரம் கெட்டுப்போன கண்ணாடிலயா இவ்ளோ தெளிவாத் தெரியுது?” தவ்ஃபீக் சிரித்தார். “பொண்டாட்டிய விட்டுக்குடுக்க மாட்டீங்களே. அவதான் அன்னிக்கி அவ வாயாலயே ஒத்துக்கிட்டாளே.”

“மறைப்பு போட்டிருக்கறேன் பாய். தோல்ல ஒரு வளையம் வெட்டி…”

யாரும் கேட்கவில்லை. அக்தரி பேகம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சொந்தக்காரப் பெண்கள் தங்கள் புருஷன்மாரை ஒரு பார்வை பார்த்தார்கள். உமைமா மட்டும் அம்மாவின் முதுகுப் பக்கம் இருந்த கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பேச்சு மாறியது. டீ ஆறுவதற்குள் குடித்துவிட்டு ஒவ்வொருவராகக் கீழே இறங்கினார்கள். உமைமா பாட்டியைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனாள்.

ஹுமேரா நிமிர்ந்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். காலித் தம்ளர்களைத் தட்டில் அடுக்கினாள்.

“சொல்லிட்டேன் ஹுமேரா. அவங்க நம்ப மாட்டேங்கறாங்க” என்றார் சமீருல்லா.

“நான் பொய் சொன்னப்ப ஒரு ஆளு கூட சந்தேகப்படல” என்றாள் அவள். “நீங்க உண்மையச் சொன்னா ஒரு ஆளு கூட நம்பல. இன்னா பண்றது, அதோட வாழ வேண்டியதுதான்.”

கீழே முன்னறையிலிருந்து மாமியாரின் குரல் கேட்டது. தப்பு செய்தவளையும் விட்டுக்கொடுக்காமல் பேசுகிற இப்படி ஒரு புருஷன் கிடைக்க என் மகள் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.